கிழக்கே மாற்றிய வாசல்

சரவணம்பட்டி
21.1.2024

அன்புள்ள நங்கையாளுக்கு, பூவாத்தாள் எழுதிக்கொண்டது. இங்கே நானும் உங்கள் தம்பியும் சாமி புண்ணியத்தில் சுகம். படுக்கையில் இருக்கும் அண்ணனுக்குக் கை கால் அசைவு ஏதாவது தேறியதா, நீங்கள் நேரத்துக்குச் சாப்பிடுகிறீர்களா என்று எழுதுங்கள்.

உங்கள் தம்பி மில்லை விட்டு வந்து எத்தனையோ வருஷம் ஆயிற்று. ஆனால் ஃபிட்டர் கை இன்னும் ரிட்டையர் ஆகவில்லை. முந்தாநாள் பூராவும் எங்களுக்கு ஊர் சுற்றல்தான். காலையில் கணபதியில் பைப்புக்கு வாஷர். அங்கிருந்து டவுன்ஹாலில் வார்னிஷும் கீலும். பொண்ணு பார்க்கப் போனவர் மாதிரி ஒவ்வொரு கீலையும் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கடைக்காரர் பொறுத்துப் பொறுத்துப் பார்த்து, "ஏனுங்க, வாங்கறீங்களா, இல்ல சும்மா பாக்க வந்தீங்களா?" என்று கேட்டேவிட்டார். எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. எது கெட்டாலும் சரி பண்ணிப்போடுவார் உங்கள் தம்பி. நன்றாக இருப்பதையும் விடமாட்டார், அதுதான் தொந்தரவு.

திரும்பி வரும்போது காந்திபுரத்தில் ஒரு கூத்து. அவர் தண்ணீர் வாங்கப் போன நேரத்தில் நான் பாட்டுக்குத் திருப்பூர் பஸ்ஸில் ஏறி உட்கார்ந்துகொண்டேன். அவர் ஓடி வந்து, "அம்மணி, எறங்கு எறங்கு, திருப்பூருக்குப் போயி பனியன் தைக்கப் போறியா?" என்று கத்த, பஸ்ஸே சிரித்தது. நானும் சிரித்தேன்.

சாயங்காலம் முன்கதவுக்கு வார்னிஷ் அடித்தோம். உடுமலைப்பேட்டையில் எங்கப்பன் தோட்டத்து வேங்கையை வெட்டிச் செய்த கதவு அல்லவா? வெள்ளிக்கிழமைதோறும் மஞ்சளும் குங்குமமும் வைத்து வைத்து ஓர் இடத்தில் மரமே சிவந்துவிட்டது. அந்த இடத்தில் மட்டும் வார்னிஷ் படக்கூடாது என்று சொல்லிவிட்டேன். ஒறம்பரை என்று யார் வீட்டுக்கு வந்தாலும் முதலில் கதவைத்தான் நலம் விசாரிக்கிறார்கள், எங்களை அப்புறம்தான்.

அண்ணனுக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள். பதில் கண்டால் சந்தோஷப்படும்,
பூவாத்தாள்


வெள்ளகோவில்
4.2.2024

அன்பு பூவாத்தாளுக்கு, உன் நங்கையாள் நாச்சாத்தாளின் ஆசி. உன் கடிதத்தை உன் அண்ணனுக்குச் சத்தமாகப் படித்துக் காட்டினேன். வலது கை இன்னும் எழவில்லை. வாய் எழுந்துவிட்டது. காபி ஆறிப்போனால் திட்டுகிறார். நல்லவேளை, எனக்குக் காது கேட்காது.

காது போனதிலிருந்து போன் எனக்கு அலமாரியில் வைக்கிற சாமான்தான். உன் மகன் கிருபாசங்கர் கனடாவிலிருந்து வாங்கி அனுப்பிய செல்லில் எழுத்து எள்ளு மாதிரி இருக்கிறது. ஆயுசு முழுக்கப் பிள்ளைகளுக்கு 'அ' எழுதக் கற்றுக்கொடுத்தவள் நான். எனக்குக் கடிதம்தான் சரி. நீயும் மாதம் ஒன்று எழுது, சோம்பல்படாதே.

என் தம்பியைப் பற்றி என்னிடமா சொல்கிறாய்? சின்னதில், நன்றாக ஓடிக்கொண்டிருந்த கடிகாரத்தைச் சரி பண்ணுகிறேன் என்று பிரித்துப்போட்டு அப்பாவிடம் உதை வாங்கினவன். கதவையாவது கழற்றாமல் பார்த்துக்கொள்.

உடம்பைக் கவனித்துக்கொள் அம்மணி. இருவருக்கும் எங்கள் ஆசி.
நாச்சாத்தாள்


சரவணம்பட்டி
18.3.2024

அன்புள்ள நங்கையாளுக்கு, பூவாத்தாள் எழுதிக்கொண்டது. இங்கே நானும் உங்கள் தம்பியும் சாமி புண்ணியத்தில் சுகம். படுக்கையில் இருக்கும் அண்ணனுக்குக் கை கால் அசைவு ஏதாவது தேறியதா?

முந்தாநாள் பூராவும் எங்களுக்கு ஊர் சுற்றல்தான். கணபதியில் வாஷர் வாங்கினோம். டவுன்ஹாலில் கீல் வாங்கினோம். பொண்ணு பார்க்கப் போனவர் மாதிரி ஒவ்வொரு கீலையும் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கடைக்காரர், "ஏனுங்க, வாங்கறீங்களா, இல்ல சும்மா பாக்க வந்தீங்களா?" என்று கேட்டேவிட்டார்.

காந்திபுரத்தில் ஒரு பஸ்ஸில் ஏறி உட்கார்ந்துகொண்டேன். கண்டக்டர், "எங்கீங்கம்மா போகோணும்?" என்று கேட்டார். எனக்கு ஊர் பேர் வாயில் வரவில்லை நங்கையா. எல்லோரும் என்னையே பார்த்தார்கள். பயமாக இருந்தது. உங்கள் தம்பி வந்துவிட்டார்.

முன்கதவுக்கு வார்னிஷ் அடித்தோம். எங்கப்பன் தோட்டத்து வேங்கை அல்லவா? நங்கையா, முந்தாநாள் பூராவும் எங்களுக்கு ஊர் சுற்றல்தான்.

அண்ணனுக்கு வணக்கம்.
பூவாத்தாள்


வெள்ளகோவில்
29.3.2024

தம்பி அப்புசாமிக்கு, அக்கா எழுதுவது. நலமா என்று கேட்கிறேன். வழக்கத்துக்குக் கேட்கவில்லை, நிஜமாகவே கேட்கிறேன்.

பூவாத்தாள் தை மாதம் எழுதிய கடிதத்தையே மறுபடியும் எழுதி அனுப்பியிருக்கிறாள். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். எழுத்து வரி விட்டு இறங்குகிறது. முதலில் சிரித்த இடத்தில் இப்போது பயந்தேன் என்கிறாள். கண்ணு, மறைக்காமல் எழுது. மாமாவை விட்டு நான் ஒரு பொழுது நகர முடியாது என்பது உனக்குத் தெரியும். நீ எழுதினால்தான் எனக்கு அங்கே நடப்பது தெரியும்.

அவளிடம் நான் கேட்டதாகச் சொல்லாதே. சங்கடப்படுவாள்.
அக்கா


சரவணம்பட்டி
6.5.2024

மதிப்பிற்குரிய அக்காவுக்கும் மாமாவுக்கும், அப்புசாமியின் வணக்கம். தாமதத்துக்கு மன்னிக்கவும். கோடை இங்கே கொளுத்துகிறது. மாமாவுக்குப் படுக்கைப் புண் வராமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

பூவாத்தாள் நன்றாக இருக்கிறாள். வயதானால் மறதி எல்லோருக்கும் வருவதுதான். எனக்குக்கூட மூக்குக் கண்ணாடி கிடைக்க மாட்டேன் என்கிறது.

வீட்டில் வேலை நிறையச் செய்துபோட்டேன். பாத்ரூம் சுவரில் இரண்டு பக்கமும் ஸ்டீல் பைப் கைப்பிடி. மில்லில் மெஷினுக்குப் போடுகிற அதே போல்ட், யானை தொங்கினாலும் வராது. அடுப்பை மறந்துவிட்டால் கேஸ் தானாக நிற்கிற மாதிரி ஒரு வால்வு. படிக்கு விளிம்பில் சிவப்புப் பட்டை. முன்கதவைத் திறந்தால் உள்ளே மணி அடிக்கும். எல்லாச் சாமானும் நாங்கள் இரண்டு பேரும் போய்ப் பார்த்து வாங்கினவைதான். கையைப் பிடித்துக்கொண்டே வந்தாள். கடைக்காரன், "புதுசாக் கல்யாணமானவங்களாட்ட வாரீங்களே" என்று கேலி பண்ணினான். கையை விட்டால் என்ன ஆகும் என்று அவனுக்குத் தெரியுமா?

எதற்கும் ஒரு வழி இருக்கிறது அக்கா. எந்த மெஷின் ஆனாலும் எங்கே தகராறு என்று தெரிந்துவிட்டால் போதும். நீங்கள் கவலைப்பட வேண்டாம்.

இப்படிக்கு உங்கள் தம்பி,
அப்புசாமி


வெள்ளகோவில்
20.5.2024

தம்பிக்கு, அக்காவின் ஆசி. இங்கே நாங்கள் இருவரும் இருந்த இடத்தில் இருக்கிறோம்.

முன்கதவைத் திறந்தால் மணி எதற்கு? நீ எழுதவில்லை, எனக்குப் புரிந்துவிட்டது. வீட்டை விட்டுப் போய்விடுகிறாளா? எவ்வளவு தூரம் போனாள்? பள்ளிக்கூடத்துப் பிள்ளை மாதிரி என்னிடம் மழுப்பாதே. முதலில் நல்ல டாக்டரிடம் காட்டு.

இன்னொன்று. காங்கேயத்திலிருந்து வாஸ்து பார்க்கிறவரை வரவழைத்து உன் வீட்டுப் படத்தைக் காட்டினேன். தெற்குப் பார்த்த வாசல் வீட்டுப் பொம்பளைக்கு ஆகாது என்று எடுத்த எடுப்பிலேயே சொல்லிவிட்டார். மூலை மனைதானே, கிழக்குச் சந்துப் பக்கம் வாசலை மாற்றிவிட்டால் வைகாசி தாண்டுவதற்குள் குணம் தெரியும் என்கிறார்.

நீ இதை நம்ப மாட்டாய். அதனால் இங்கே பக்கத்திலேயே இருக்கும் நம் குலதெய்வக் கோயிலில் பூப் போட்டுக் கேட்டேன். வெள்ளைப் பூ வந்தால் வாசலை மாற்றுவது, சிவப்பு வந்தால் விடுவது. பூசாரி பேத்தி எடுத்துத் தந்த பொட்டலத்தில் வெள்ளைதான் வந்தது. சாமியே உத்தரவு கொடுத்த பிறகு யோசிக்காதே கண்ணு. பூவாத்தாள் எனக்குக் கூடப் பிறக்காத பிறப்பு. அவள் நன்றாக ஆக வேண்டும்.

வேலை ஆரம்பித்ததும் எழுது.
அக்கா


சரவணம்பட்டி
24.6.2024

அக்காவுக்கு, தம்பியின் வணக்கம். மாமா எப்படி இருக்கிறார்? நாங்கள் சுகம். இந்தத் தடவை நிஜமாகவே கொஞ்சம் சுகம்.

வாசலை மாற்றியாயிற்று. வாஸ்துவில் எனக்குப் பெரிய நம்பிக்கை கிடையாது. ஆனால் டாக்டர் மாத்திரையை எழுதிக் கொடுத்துவிட்டு, "பாத்துக்குங்க" என்று மட்டும்தான் சொன்னார். நீங்கள் செய்வதற்கு ஒரு வேலையைச் சொன்னீர்கள். அந்த வாரம்தான் எனக்குச் சோறு இறங்கியது.

கோட்டைமேட்டிலிருந்து பஷீர் பாய் வந்து தச்சு வேலை முழுக்கப் பார்த்தார். கிழக்குச் சுவரை உடைத்து நிலை வைத்து, தெற்கு வாசலைச் செங்கல் வைத்து அடைத்து, பூசி, மஞ்சள் வர்ணமும் அடித்துவிட்டோம். அங்கே ஒரு வாசல் இருந்தது என்று யாரும் சொல்ல முடியாது. பூவாத்தாள் வேலைக்காரர்களுக்கு டீ போட்டுக் கொடுத்தாள். பாயிடம், "மக யுஸ்ராவுக்கு மாப்பிள்ளை அமைஞ்சுதுங்களா?" என்று கேட்டாள். திரும்பத் திரும்பக் கேட்டாள். அவரும் ஒவ்வொரு தடவையும் புதிதாகக் கேட்கிற மாதிரி, "அமைஞ்சுருச்சுங்கம்மா, பொள்ளாச்சிலதான்" என்றார்.

புதுக் கதவு இரும்பு. மரம் மாதிரியே பெயிண்ட். பழைய கதவு புது நிலைக்கு அகலம் ஒத்து வரவில்லை. உக்கடத்தில் பழைய மரம் வாங்குகிற கடைக்குக் கொடுத்துவிட்டோம். டெம்போவில் ஏற்றும்போது, "யாரு ஊட்டுக் கதவுங்க இது, நல்லா இருக்குது?" என்று கேட்டாள். "நம்ம ஊட்டுதுதான் அம்மணி" என்றேன். நான் வழக்கம்போலக் கேலி பண்ணுகிறேன் என்று சிரித்துக்கொண்டாள்.

நேற்று மட்டும், கீரை வாங்கி வந்தவள் தெற்குச் சுவர்ப் பக்கம் சித்த நேரம் நின்றாள். பழக்கம்தான். போகப் போகச் சரியாகிவிடும்.

இருவரின் வணக்கங்களுடன்,
அப்புசாமி


வெள்ளகோவில்
27.8.2024

தம்பிக்கு, அக்காவின் ஆசி. ஆடி முழுக்கத் தபால்காரரைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். உன்னிடமிருந்து ஒரு வரி வரவில்லை. நான் போட்ட கார்டு வந்ததா? மாமா, "அப்பு எழுதினானா?" என்று வாயை அசைத்து அசைத்துக் கேட்கிறார்.

வாசல் மாற்றிய பிறகு அவள் தேறியிருப்பாள், அந்தச் சந்தோஷத்தில் எழுத மறந்திருப்பாய் என்று நினைத்துக்கொள்கிறேன். அப்படித்தானே? பூவாத்தாளை ஒரே ஒரு வரி எழுதச் சொல். அவள் பெயரை மட்டும் எழுதினாலும் போதும்.
அக்கா


சரவணம்பட்டி
15.9.2024

அக்காவுக்கு வணக்கம். நலம் என்று எழுத இந்த முறை எனக்குக் கை வரவில்லை. நீங்களாவது நலமாக இருங்கள்.

பூவாத்தாள் வீட்டைத் தொலைத்துவிட்டாள் அக்கா. நான்தான் தொலைத்துவிட்டேன்.

எங்கே போய் வந்தாலும் தெற்குச் சுவருக்கு முன்னால் போய் நின்றுகொள்கிறாள். கையில் காய்கறிப் பை. சுவரைத் தடவிப் பார்க்கிறாள். தட்டுகிறாள். "ஏனுங்க, கதவைத் தொறங்க, வெயிலு கொளுத்துது" என்கிறாள். நான் கையைப் பிடித்துக் கிழக்குப் பக்கம் கூட்டிப்போனால் அந்த இரும்புக் கதவுக்கு முன்னால் காலை ஊன்றிக்கொள்கிறாள். "அடுத்தவங்க ஊட்டுக்குள்ள எதுக்குங்க போகோணும்?" என்று கேட்கிறாள். உள்ளே தூக்காத குறையாகக் கொண்டுபோக வேண்டியிருக்கிறது. தெருவில் எல்லோரும் பார்க்கிறார்கள். நான் யாரோ ஒரு பெண்பிள்ளையை இழுத்துப்போகிறவன் மாதிரி இருக்கிறது.

உள்ளே வந்தால் நாற்காலி நுனியில் உட்கார்ந்திருக்கிறாள். சாய்ந்துகூட உட்காருவதில்லை. சொம்பில் தண்ணீர் எடுப்பதற்கும் என்னைக் கேட்கிறாள். முந்தாநாள் சொன்னாள்: "வந்து ரொம்ப நாளாச்சுங்க. ஒறம்பரை ஊட்டுல எத்தனை நாளைக்குத்தான் இருக்கறது? பஸ் ஏத்தி உட்டுருங்க."

டாக்டரிடம் போனேன். வாசலை மாற்றினேன் என்றதும் அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். இந்த வியாதிக்காரர்களுக்குப் பழகின இடம்தான் பாதி மருந்தாம், ஒரு நாற்காலியைக்கூட இடம் மாற்றக் கூடாதாம். முதலிலேயே சொல்லியிருக்கலாமே என்று கேட்டேன். வாசலையே மாற்றுவீர்கள் என்று யார் நினைப்பார்கள் என்றார். அதுவும் நியாயம்தான்.

கை கழுவுகிற இடத்துக் குழாய் சொட்டுகிறது. ஒரு வாஷர் போட்டால் போதும். போட மனம் இல்லை.
அப்புசாமி


வெள்ளகோவில்
28.9.2024

தம்பி, கண்ணு,

உன் கடிதத்தை மாமாவுக்குப் படித்துக் காட்டவில்லை. அவர் கேட்டார். எல்லோரும் சுகம் என்று சொல்லிவிட்டேன்.

உன்னிடம் ஒன்றை எழுதாமல் விட்டேன். கோயிலில் பூக் கேட்டபோது முதலில் வந்தது சிவப்பு. குழந்தை சரியாக எடுக்கவில்லை என்று மறுபடி போடச் சொன்னேன். மறுபடியும் சிவப்பு. பூசாரி, "உட்டுருங்க டீச்சரம்மா" என்றார். நான் விடவில்லை. பொட்டலங்களைக் குலுக்கிப் போட்டு, வெள்ளை வருகிற வரைக்கும் எடுக்கச் சொன்னேன். தப்பாக எழுதின பிள்ளையைச் சரியாக வருகிற வரை எழுத வைத்துப் பழகினவள் அல்லவா? சாமியையும் அப்படித்தான் வேலை வாங்கினேன்.

என்னைத் திட்டி எழுது. எழுதாமல் மட்டும் இருக்காதே. அந்தச் சுவரை உடைத்துவிடு அப்பு. யாரையும் எதையும் கேட்காதே. இந்த நேரத்தில் வந்து அவள் கையைப் பிடித்துக்கொள்ள முடியாத பாவியாகக் கிடக்கிறேன்.
நாச்சாத்தாள்


சரவணம்பட்டி
17.11.2024

அக்காவுக்கும் மாமாவுக்கும் வணக்கம். மழை இங்கே விட்டபாடில்லை. மாமாவுக்குக் குளிர் தாங்காது, கம்பளி போட்டுவிடுங்கள்.

உங்களைத் திட்டி என்ன ஆகப்போகிறது? சிவப்பு வந்தது என்று நீங்கள் அன்றே எழுதியிருந்தாலும் நான் இடித்திருப்பேன். எனக்கு எதையாவது கழற்றி மாட்ட வேண்டியிருந்தது. அவளைக் கழற்றிப் பார்க்க முடியவில்லை, வீட்டைக் கழற்றினேன். அவ்வளவுதான் அக்கா, இனி இதைப் பற்றிப் பேச வேண்டாம்.

நேற்று அவளையும் கூட்டிக்கொண்டு உக்கடம் போனேன். அவளைப் பார்த்துக்கொள்ள வேறு ஆள் இல்லை. பஷீர் பாயும் வந்தார். கடைக்காரர் அப்துல் நாசர், "அது போயிருக்குமுங்க, அஞ்சாறு மாசமாச்சில்ல" என்றார். வேங்கை நிற்குமா, வந்ததும் விற்றுவிடும் என்றார். நான் அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். பாய் எனக்கு டீ சொன்னார்.

அந்தக் கடையைப் பார்க்க வேண்டும் நீங்கள். ஷெட்டு முழுக்கக் கதவுகள், ஒன்றன்மேல் ஒன்றாகச் சாய்ந்து நிற்கின்றன. எத்தனை பேர் வீட்டு வாசலோ. டீ குடித்துவிட்டுத் திரும்பினால் பூவாத்தாள் பக்கத்தில் இல்லை. எனக்கு உயிரே போய்விட்டது. "அம்மணி, அம்மணி" என்று ஷெட்டுக்குள் ஓடினேன்.

கடைசி மூலையில் நின்றுகொண்டிருந்தாள். எதிரே நம் கதவு. இரண்டு சிமெண்டு ஜன்னலுக்குப் பின்னால் பாதி மறைந்திருந்தது. சிவந்துபோன அந்த இடத்தில் விரலை வைத்திருந்தாள். என்னைப் பார்த்ததும் முகமெல்லாம் சிரிப்பு. "எங்கீங்க போயிட்டீங்க? சாவிய எடுங்க. நின்னு நின்னு காலு வலிக்குது. உள்ள போயி அரிசி ஊற வெக்கோணும்" என்றாள்.

சாவி இல்லை என்று எப்படிச் சொல்வேன்? பையில் கையை விட்டுத் தேடுகிற மாதிரி தேடினேன். அப்துல் நாசர் அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டார். பாய்தான், "கதவு மழையில ஊறி இறுகிக்கிச்சுங்கம்மா, சரி பண்ணிக் கொண்டாந்து தாரோம்" என்று சொல்லி அவளை நகர்த்தினார்.

கதவை வாங்கிவிட்டேன். மழை விட்டு, தை பிறந்ததும் தெற்குச் சுவரை உடைக்கிறோம். பாய் பழைய அளவிலேயே நிலை செய்கிறார். அவளுக்குக் கதவு தெரிந்தது அக்கா. என்னையும் அந்தச் சித்த நேரம் தெரிந்தது. இத்தனை மாசத்தில் முதல் தடவையாகப் பசித்துச் சாப்பிட்டேன்.

குழாய்க்கு வாஷர் போட்டுவிட்டேன்.
உங்கள் தம்பி,
அப்புசாமி


சரவணம்பட்டி
9.2.2025

அக்காவுக்கு, தம்பியின் வணக்கம். கதவு கிடைத்த சந்தோஷத்தில் கோயிலில் பொங்கல் வைத்ததாக எழுதியிருந்தீர்கள். உடனே பதில் எழுதாததற்குக் காரணம் இருக்கிறது. மாமா இப்போது எழுந்து உட்காருகிறார் என்பது எனக்குப் பெரிய ஆறுதல்.

தை பிறந்ததுமே தெற்கு வாசலைத் திறந்துவிட்டோம். அதே கதவு, அதே இடம், அதே கீல். கிழக்குப் பக்கத்தை அடைத்தாயிற்று. படியில் ஒட்டின சிவப்புப் பட்டையையும் உரித்துவிட்டேன். ஹாலில் நாற்காலி முன்பு எங்கே கிடந்ததோ அங்கேயே போட்டேன். கதவு மாட்டிய அன்று வெள்ளிக்கிழமை. யாரும் சொல்லாமலே மஞ்சளைக் குழைத்து எடுத்து வந்து, சரியாக அந்தச் சிவந்த இடத்தில் பொட்டு வைத்தாள். பஷீர் பாய் கண்ணைத் துடைத்துக்கொண்டார். நான் அழவில்லை. ஜெயித்துவிட்டேன் என்று நினைத்தேன்.

அன்று சாயங்காலம் நல்ல புடவை கட்டி, தலை சீவி, பையில் துணியை மடித்து வைத்துக்கொண்டு ஹாலுக்கு வந்தாள். என்னைப் பார்த்துக் கும்பிட்டாள்.

"ஏனுங்க, ரொம்ப நல்லாப் பாத்துக்கிட்டீங்க. இந்தக் கதவப் பாத்ததும் எங்க ஊட்டு நெனப்பு வந்துருச்சுங்க. எங்கப்பன் தோட்டத்து வேங்கையில செஞ்ச கதவு, அச்சு இதேதான். இனி இருக்க முடியாதுங்க. எங்க ஊட்டுக்காரரு தேடிட்டு இருப்பாரு. போயிட்டு வாரேனுங்க."

அவள் கல்யாணமாகி வந்த நாளிலிருந்து என்னை 'ஏனுங்க' என்றுதான் கூப்பிடுகிறாள். பால்காரரையும் அப்படித்தான் கூப்பிடுவாள். அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது. எத்தனை மாசமாகப் பால்காரரைக் கூப்பிடுகிற மாதிரி என்னைக் கூப்பிட்டாளோ தெரியவில்லை.

சும்மா இருந்த நினைப்பை நான்தான் கதவை மாட்டிக் கிளப்பிவிட்டேன். முன்பு சுவருக்கு முன்னால் மட்டும் நின்றாள். இப்போது தினமும் சாயங்காலம் பையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுகிறாள். தடுத்தால் அழுகிறாள், கதவைப் பிடித்துக்கொண்டு, "என்ன எங்க ஊட்டுக்கு உடுங்க" என்று கும்பிடுகிறாள். மகன் கிருபா கனடாவிலிருந்து போன் பண்ணி, இப்படிப்பட்டவர்களைப் பார்த்துக்கொள்கிற நல்ல இடமாகப் பார்த்துச் சேர்த்துவிடலாம் என்கிறான். எந்த இடத்தில் சேர்த்தாலும் அவள் கேட்கிற வீடு இதுதானே அக்கா? அதிலேயே இருந்துகொண்டு கேட்கிறாளே.

அதனால் நானும் சட்டையை மாட்டிக்கொண்டு, "வாங்க, நான் கொண்டுபோயி உடறேன்" என்று கூடப் போகிறேன். அவளை 'வாங்க' என்று கூப்பிடவும் பழகிவிட்டேன். பையை நான் வாங்கிக்கொள்கிறேன். மளிகைக்கடை வரை போய், கல்லூரிப் பஸ் நிற்கிற இடத்தைச் சுற்றி, அதே தெருவுக்குத் திரும்பி, அதே கதவைத் திறக்கிறேன். சில நாள் களைப்பில் உள்ளே வந்துவிடுகிறாள். சில நாள் வாசலிலேயே நின்று, "இது அவங்க ஊடுங்க, காலைல இங்கிருந்துதானே வந்தோம்" என்கிறாள். மறுபடியும் ஒரு சுற்று நடக்கிறோம்.

நேற்று நடக்கும்போது நானே கேட்டுவிட்டேன். கேட்டிருக்கக் கூடாது. "உங்க ஊட்டுக்காரரு எப்படிப்பட்டவருங்க?" என்றேன்.

நின்றுவிட்டாள். வெட்கப்பட்டுக்கொண்டு சிரித்தாள். "நல்லவருங்க. எது கெட்டாலும் சரி பண்ணிப்போடுவாரு. அவருகிட்ட மட்டும் கொண்டுபோயி என்ன உட்டுருங்க, போதும்" என்றாள்.

சரிங்க என்றேன். அப்புறம் வீட்டுக்கு வந்து கதவைத் திறந்தேன்.

நீங்கள் என்ன வேலை நடக்கிறது என்று கேட்டிருந்தீர்கள். இப்போது ஒன்றும் இல்லை அக்கா. குழாய் சொட்டவில்லை. கீல் சத்தம் போடவில்லை. வீட்டில் சரி பண்ண இனி எதுவும் பாக்கி இல்லை.

மாமாவைப் பார்த்துக்கொள்ளுங்கள்.
அப்புசாமி